முழங்காலுக்கு ஒரு குளிர் ஒத்தடம்

ஒத்தடம் என்று சொன்னால் நம் வீடுகளில் எவருக்கும் வெப்பமே நினைவுக்கு வரும். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுப்பது ஓர் ஒத்தடம். நொச்சித் தழையை வதக்கிக் கொடுப்பது மற்றோர் ஒத்தடம். ஒன்றும் கிடைக்காத இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. குளிரைக் கொண்டு ஒத்தடம் கொடுக்கலாமா என்று கேட்டால், சீதளம் என்பார் ஒருவர், வாயு என்பார் மற்றொருவர், வாதம் என்று முடிவே கட்டிவிடுவார் மூன்றாமவர். நானும் அவ்வாறு தடுக்கப்பட்டவன், அத்தடைக்கு உடன்பட்டவனுங்கூட. அதனால் என் முழங்கால் பட்ட பாட்டையும், பின்னர் அது மீண்ட வகையையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நிலையத்தார் எனக்கு அளித்திருப்பது இருபது நிமிடம். ஒரு குளிர் ஒத்தடத்துக்கு உரிய நேரமும் ஏறத்தாழ அதுவே. ஆதலின், முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு இதைக் கேட்பவர் எவரேனும் இருப்பின், நான் பேச்சை முடிக்கும்போது அவரும் பையை எடுத்துவிடலாம்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். பௌதிகமும் கணக்கும் கற்பித்தேன்; கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியன். ஆசிரியத் தொழில் வாயால் செய்யும் தொழில் என்று பலர் எண்ணுகிறார்கள். அது காலால் செய்யும் தொழில். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நின்ற முழங்கால்கள், நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தம் கணக்கை எடுத்து நீட்டின. முதலில் படிக்கட்டு துன்பமாயிற்று. பிறகு தரையில் அமர்வது. பிறகு இரவில் புரண்டு படுப்பதே துன்பமாயிற்று. எலும்பின் முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்று படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கினார். 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இடக்காலுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது.

மாற்று என்றதும் மூட்டு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு இரும்பு மூட்டொன்றை வைப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. தொடையெலும்பின் கீழ்முனையையும் காலெலும்பின் மேல்முனையையும் மெல்லியதாகச் சீவி, அவற்றின்மேல் உலோகக் கவசம் பொருத்தி, இடையில் பாலித்தீனால் ஆன வழுவழுப்பான தட்டு ஒன்றை வைக்கிறார்கள். தேய்ந்த கலப்பைக்குப் புதுக் கொழு மாட்டுவதை ஒத்த வேலை. ஜெர்மனியில் தெமிஸ்தோக்ளிஸ் குளுக் என்ற மருத்துவர் 1890இலேயே யானைத் தந்தத்தால் கீல் செய்து பொருத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1968ஐ ஒட்டி இங்கிலாந்தில் பிராங்க் கன்ஸ்டனும், 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த அமைப்புகளிலிருந்தே இன்றைய மூட்டு வளர்ந்தது.

அறுவை செய்பவர் தம் பங்கை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார். எஞ்சிய பங்கு நோயாளியுடையது. அது மாதக்கணக்கில் நீள்வது. மூட்டைப் பொருத்திக் கொடுக்கலாம். அதை மடக்கும் திறனை யாரும் பொருத்திக் கொடுக்க முடியாது. புண் ஆறும்போது மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. அது இறுகுமுன் நாள்தோறும் மடக்கியும் நீட்டியும் வரவேண்டும். மடக்கினால் வலிக்கும். வலிக்கிறதே என்று மடக்காதிருந்தால், வாங்கிய புது மூட்டு துருப்பிடித்த கீலைப்போல் ஆகிவிடும்.

மருத்துவமனையில் இருந்த நான்கு நாளும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். மூன்று மணிக்கொருமுறை ஒரு செவிலி வந்து முழங்காலில் பனிக்கட்டிப் பை வைப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது, இதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்று அச்சிட்ட தாள் ஒன்றும் தந்தார்கள். அந்தத் தாள் என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் செல்லாக் காசாயிற்று.

என் மூத்த தமக்கையார் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். எழுபத்தைந்து வயது, எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. என் மனைவி குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பனிக்கட்டியை எடுத்து வந்ததைப் பார்த்ததும், "அறுத்த காலில் ஐஸ் வைக்கிறதா? தம்பி, வாதம் இறங்கினால் அப்புறம் காலே உனக்கில்லை" என்றார். அன்று மாலையே உப்பு வறுபட்டது. அடுத்த நாள் தைலம் வந்தது. உள்ளுறை வெப்பம் பற்றி ஓராயிரம் மாணவருக்குப் பாடம் நடத்திய நான், வாய் திறவாமல் காலை நீட்டினேன். தைலம் தையலில் படாதவாறு என் மனைவி பார்த்துக்கொண்டாள். அந்த மட்டில் பிழைத்தேன்.

தமக்கையாரைக் குறை கூற நான் வரவில்லை. பழைய மூட்டு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும் வெந்நீர் ஒத்தடம் சுகம் தருவது உண்மைதான்; அவர் அறிந்த வலி அதுவே. ஆனால் புதிதாக அறுத்த மூட்டு வேறு. அங்கே குருதியும் நீரும் ஏற்கெனவே தேங்கி வீங்கியிருக்கும். வெப்பம் குருதிக் குழாய்களை விரிக்கும், வீக்கம் ஏறும். மூன்றே நாளில் என் முழங்கால் பனங்காய் போலாயிற்று. நம் பாட்டிமார் குளிரை அறியாதவர்களும் அல்லர். குழந்தை நெற்றியை இடித்துக்கொண்டால் ஈரத்துணியை வைத்து அழுத்துவார்கள். மூக்கிலிருந்து குருதி வடிந்தால் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். புது அடிக்குக் குளிர், பழைய நோவுக்கு வெப்பம் என்ற வேறுபாடு அவர்கள் கையில் இருந்தது. அறுவை என்பது கத்தியால் பட்ட புது அடி என்பது மட்டுமே அவர்களுக்குத் தோன்றவில்லை.

என்மேலும் குற்றம் உண்டு. அதுவே பெரிய குற்றம். பார்க்க வந்தவரெல்லாம் வலி எப்படி என்று கேட்டனர். வலியா, அப்படியொன்றும் இல்லையே என்று சிரித்துக்கொண்டே விடை சொன்னேன். வலி மாத்திரையைக்கூடப் பாதியாகக் குறைத்தேன். இரவில் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் பயிற்சி நேரத்தில் காலை மடக்க அஞ்சி, இரண்டுமுறை அசைத்துவிட்டுப் பத்துமுறை என்று கணக்கு எழுதினேன். தேர்வில் விடைத்தாளை நிரப்பத் தெரியாத மாணவன் செய்வதைத் தலைமையாசிரியன் செய்தான்.

பன்னிரண்டாம் நாள் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். இளம்பெண். பையிலிருந்து நீண்ட கைகளுடைய பாகைமானி ஒன்றை எடுத்து, என் தொடையோடும் காலோடும் பொருத்தி அளந்தார். ஐம்பத்தைந்து பாகை. நான் எழுதி வைத்த கணக்கை ஒருமுறை பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, வலிக்கவில்லை என்று யாரிடம் நிரூபிக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். ஆறு வாரத்தில் 90ஐ எட்டாவிட்டால், மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, பெரிய டாக்டர் கையால் மடக்கித் தழும்பைக் கிழிக்க வேண்டியிருக்கும். வலியைப் பொறுத்தால் மதிப்பெண் கிடையாது, மடக்கினால்தான் உண்டு."

அவர் போன பின்பு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். எட்டாம் வகுப்பு, சடுகுடு ஆட்டத்தில் விழுந்தவன். கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றவனிடம், ஆண்பிள்ளை அழலாமா என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பினேன். இரண்டு நாள் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவன் தாய் வந்து, மணிக்கட்டில் எலும்பு விரிந்திருக்கிறது என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அழாதவர்களைப் பாராட்டிப் பாராட்டி எத்தனை பிள்ளைகளின் வலியை வாயடைத்து வைத்தேனோ! இப்போது அந்தப் பாராட்டை எனக்கே வழங்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

அன்று மாலை தமக்கையாரிடம் பனிக்கட்டிக்கு அனுமதி கேட்கவில்லை, தெரிவித்தேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

குளிர் என்ன செய்கிறது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். முதலாவதாக, தோலுக்கடியில் உள்ள குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. கசிவும் வீக்கமும் கூடாமல் தடுக்க முயல்கிறது. இரண்டாவதாக, வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகளின் ஓட்டத்தை மந்தமாக்குகிறது. மூன்றாவது சற்று வியப்பானது. மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் இருப்பது போலவும், தொடுதல் முதலிய வேறு உணர்ச்சிகள் முண்டியடித்து வந்தால் அவ்வாயில் ஓரளவு அடைபடுவது போலவும் அவர்கள் விளக்கினர். அடிபட்ட இடத்தை நாம் நம்மையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதன் பொருள் இதுதான். குளிரும் அவ்வாறு அவ்வாயிலில் போய் நிற்கும் ஓர் உணர்ச்சி என்று கருதுகிறார்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மூட்டுக்குள் நீர் கோத்தால், முன்தொடைத் தசை தானே உறங்கிவிடுகிறது. எவ்வளவு முயன்றாலும் காலை நேராகத் தூக்க வருவதில்லை. குளிரூட்டினால் அத்தசை சிறிது நேரம் விழித்துக்கொள்கிறது. பயிற்சிக்குச் சற்று முன்பு ஒத்தடம் கொடுத்தபோது, கால் மெத்தையை விட்டு எழும்பியதை நான் கண்ணால் கண்டேன்.

பனிக்கட்டிதான் வேண்டுமா, தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். இது என் பழைய பாடம். சொல்லாமல் இருக்க மாட்டேன். ஒரு கிராம் நீர் ஒரு பாகை சூடேற ஒரு கலோரி வெப்பம் வேண்டும். ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டி, சூடேறாமல் உருகுவதற்கு மட்டுமே 80 கலோரி வேண்டும். ஸ்காத்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் 1760களின் தொடக்கத்தில் கண்டறிந்த உண்மை இது. ஆகவே உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டிப் பை, தான் சூடேறாமலே முழங்காலின் வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கும். கடைசித் துண்டு கரையும் வரை ஏறக்குறைய சுழியம் பாகையிலேயே நிற்கும். தண்ணீரில் நனைத்த துணியோ ஐந்து நிமிடத்தில் உடம்பின் சூட்டை எட்டிவிடும்.

இந்த அறிவு புதியதுமன்று. மூட்டு வீக்கத்துக்கும் வலிக்கும் குளிர்ந்த நீரை ஊற்றுவது நன்று என்று கிரேக்க மருத்துவர் இப்போகிராதேசின் பெயரில் வழங்கும் நூலில் காணப்படுகிறது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரி, 1807 பிப்ரவரியில் எய்லாவ் போர்க்களத்தின் கடுங்குளிரில் கைகால்களை அறுத்தபோது, உறைந்த உறுப்பில் வலி குறைவாயிருந்ததைக் கவனித்தார். அதன் பின் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்நாட் என்பவர், பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து, வலியுள்ள இடத்தை மரக்கச் செய்யும் முறையை 1840களிலும் 50களிலும் பரப்பினார். அக்காலத்தில் சென்னையில் பனிக்கட்டி வேண்டுமானால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். அங்குள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து வந்த பாளங்களைச் சேமிக்கவே 1840களில் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் வழங்குகிற, விவேகானந்தர் 1897இல் தங்கியிருந்த இல்லம் அதுதான். இப்போது நம் அடுப்பங்கரையிலேயே அது கிடைக்கும்போது நாம் உப்பை வறுத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிரைப் பற்றி மிகைபடக் கூறவும் எனக்கு விருப்பமில்லை. மூட்டு மாற்றுக்குப் பின் குளிர் ஒத்தடம் கொடுத்துச் செய்த சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் கழகத்தார் 2012இலும் 2023இலும் முடிவு வெளியிட்டனர். முதற் சில நாட்களில் வலி சற்றுக் குறையலாம், மடக்கம் சற்றுக் கூடலாம், ஆனால் நன்மை சிறியது, சான்றும் வலுவானதன்று என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். குளிர்நீரைக் குழாய் வழியே சுழற்றும் விலையுயர்ந்த பொறிகளும் விற்கின்றன. எளிய பனிக்கட்டிப் பையைவிட அவை தெளிவாக மேலானவை என்று நிறுவப்படவில்லை. என் ஓய்வூதியத்தை அதற்குச் செலவிட நான் உடன்படவில்லை. இன்னொரு செய்தி. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயரம் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் விளையாட்டு வீரர்களுக்கு விதி வகுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், பனிக்கட்டி புண் ஆறுவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று பின்னாளில் தாமே மாற்றிச் சொன்னார். தாம் சொன்னதைத் தாமே திருத்துபவரிடம் எனக்கு மதிப்புண்டு. வீக்கமும் வெம்மையும் உடம்பு தன்னைப் பழுது பார்க்கும் வேலையின் பகுதி. ஆகவே குளிர் புண்ணை ஆற்றும் மருந்தன்று. வலியிலிருந்து அரைமணி நேரம் கடனாக வாங்கித் தரும். அந்த அரைமணியில் காலை மடக்கிக்கொள்வது நம் பொறுப்பு. கடனை வாங்கிப் படுத்து உறங்கினால் பயன் இல்லை.

படுத்து உறங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டாம் நாள். பனிக்கட்டிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் கூழ்ப்பை ஒன்றை என் மருமகன் வாங்கி வந்திருந்தார். உறைபெட்டியிலிருந்து அதை நேரே எடுத்து, துணி சுற்றாமல், வெறுங்காலில் வைத்தேன்; கண்ணயர்ந்துவிட்டேன். உறைபெட்டியின் குளிர் சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் அளவினது. உருகும் பனிக்கட்டியைவிட அது மிகக் கொடியது என்பதைப் பௌதிக ஆசிரியன் மறந்தான். எழுந்து பார்த்தபோது தழும்புக்கு வெளிப்புறம் தோல் வெளுத்து மெழுகுபோல் இருந்தது, மறுநாள் கொப்புளம். ஏன் உறைக்கவில்லை? முழங்காலின் நடுவே கீறும்போது தோலுக்குச் செல்லும் ஒரு சிறு நரம்பு அறுபடுகிறது. ஆதலால் தழும்பின் வெளிப்பக்கம் பலருக்கு மரத்தே இருக்கும். அங்கே தீ வைத்தாலும் தெரியாது, குளிர் வைத்தாலும் தெரியாது. கண்தான் காவல்.

அதன் பிறகு வீட்டில் ஒரு முறை ஏற்பட்டது. பனிக்கட்டியை உடைத்துப் பையிலிட்டுச் சிறிது தண்ணீரும் ஊற்றினால் மூட்டின் வளைவுக்கு ஏற்ப அமரும். கட்டின்மேல் ஈரம் படாதிருக்க ஓர் உறை. தோலுக்கும் பைக்கும் இடையே ஒரு மடிப்புத் துண்டு. பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. சமையலறைக் கடிகாரம் மணி அடிக்கும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை என் மனைவி துண்டை விலக்கித் தோலைப் பார்ப்பாள். அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி. முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே, தோலையொட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. அதன்மேல் பையை இறுக்கிக் கட்டக்கூடாது. நீரிழிவால் கால் மரத்தவர்களும், காலில் குருதியோட்டம் குன்றியவர்களும், குளிர்பட்டால் விரல் வெளுப்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே வேண்டா. இன்னொன்று: கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, அதன்மேல் பனிக்கட்டியை வைத்து மூடிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையையும் நான் ஒதுக்கவில்லை. எழுதிக் கொடுத்த அளவில், பயிற்சிக்கு முக்கால் மணி முன்பு ஒன்று. பிறகு சிறிது குளிர்; பிறகு மடக்கல்; பிறகு மீண்டும் குளிர். முழங்காலுக்குக் கீழே சுகத்துக்காக வைத்திருந்த தலையணையை இயன்முறை மருத்துவர் பறித்துக் குதிகாலுக்குக் கீழே வைத்தார். வளைந்தபடியே மூட்டு இறுகிவிடுமாம். அந்தத் தலையணையை இழந்தது பனிக்கட்டியைவிடக் கடுமையாயிருந்தது.

ஒருநாள் புயல் மழையில் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. பெட்டியில் இருந்ததெல்லாம் தண்ணீராயிற்று. கடைத்தெருவில் சர்பத் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர், செய்தி கேட்டு, மரத்தூள் ஒட்டிய பாளமொன்றைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்தார். விலை வாங்கவில்லை. "பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம் எனக்கு இந்தக் கடையில்தான் பயன்பட்டது சார்" என்றார். அவர் அப்பாடத்தில் பெற்றது இருபத்தெட்டு மதிப்பெண் என்பது எனக்கு நினைவிருந்தது, சொல்லவில்லை.

ஐம்பத்தைந்து எழுபதாயிற்று, எழுபது எண்பத்தைந்தாயிற்று. ஆறாம் வார முடிவில் பாகைமானி 95 காட்டியது. மூன்றாம் மாதம் 110. இதில் எவ்வளவு பங்கு பனிக்கட்டிக்கு, எவ்வளவு பங்கு மாத்திரைக்கு, எவ்வளவு பங்கு நாள் கடந்ததற்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. சோதனைச்சாலையில் செய்வதுபோல் ஒன்றை நிறுத்தி ஒன்றை அளக்க எனக்கு இருந்தது ஒரே இடக்கால். சம்மணமிட்டு அமர இன்றும் முடியாது. பந்தியில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். படிக்கட்டு ஏறுகிறேன்.

இப்போது வலக்காலுக்கும் நாள் குறித்திருக்கிறார்கள். வருகிற தை மாதம். என் மனைவி பனிக்கட்டித் தட்டுகள் நான்கை இப்போதே வாங்கி வைத்துவிட்டாள். தமக்கையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் பேசும்போது, "ஐஸ் வைக்கிறதென்றால் வைத்துக்கொள், துணி சுற்றி வை" என்றார்.